ஆண்டவன் அறிந்திருந்தான் என்றால் நம்மையும் அறிந்திருந்தான்: கோயில் காரியக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் காரியக்காரர்களுக்கும் திருப்பணிக் குழுவினருக்கும்,

சென்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவைக் கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போன ஐப்பசியில் ஒரு பிள்ளை விழுந்து இறந்த கோயில் ஊருணியின் தென்படித்துறையைச் சரிசெய்து கம்பி வைக்கும் வேலையைக் கும்பாபிஷேகம் முடியும்வரை ஒத்திப்போடுவது என்று தீர்மானம். வெறும் ஒத்திப்போடுதல் என்றால் நேரில் வந்து மன்றாடியிருப்பேன். அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட வார்த்தைகளைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "ஆண்டவன் அறியாம எதுவும் நடக்கலை. அந்தப் பிள்ளைக்கு ஆயுசு அம்புட்டுத்தான். கம்பி இருந்தாலும் போயிருக்கும்." கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தூணோரம் நின்றிருந்த பிள்ளையின் தகப்பனாரும் தலையாட்டினார்.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். உங்களில் மூன்று பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். நானும் விபூதி பூசாமல் வாசற்படி தாண்டாதவள்தான். என் கல்யாணமே இதே சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து முடிவானது. சாமி இல்லை என்று வாதாட வந்தவளாக என்னை நினைத்துவிட வேண்டாம். அவன் எல்லாம் அறிந்தவன் என்று நானும் முழு மனதாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்துவிட்டோம் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஆனி மாதம் நான் கொடுத்த மனு உங்கள் கோப்பில் இருக்கும். செம்புறாங்கல் படி கால் பட்டுக் கால் பட்டுத் தேய்ந்துவிட்டது, நாலாவது படியில் கல் பெயர்ந்து ஒரு முழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது, தண்ணீர் கீழே கிடக்கும்போது அது கண்ணுக்குத் தெரியும், ஐப்பசியில் ஊருணி நிறைந்தால் செந்தண்ணீர் மூடிக்கொள்ளும் என்று எழுதியிருந்தேன். கல்லை மாற்றி, பிடித்து இறங்க இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் வைக்கச் சொல்லியிருந்தேன். காரைக்குடி வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு லட்சத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்த சீட்டையும் சேர்த்து வைத்திருந்தேன்.

திருப்பணி நடக்கும் நேரத்தில் ஊருணியில் கை வைக்கலாமா என்று உங்களுக்கு ஐயம் வந்தது. சாமியிடமே கேட்டுவிடுவோம் என்று ஆவணியில் பூக்கட்டிப் பார்த்தீர்கள். அன்று நானும் அங்கே நின்றேன். குருக்கள் ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாக இலைத்துண்டில் மடித்து, வாழைநாரால் கட்டி, சாமி பாதத்தில் வைத்துத் தீபம் காட்டினார். பிறகு தட்டில் வெளியே கொண்டுவந்து, அங்கே நின்ற ஒரு பெண்குழந்தையைக் கூப்பிட்டு, "ஒண்ணை எடு தாயி" என்றார். அவளுக்கு ஆறு வயசு. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் பக்கமாக இருந்ததை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. உத்தரவு இல்லை என்று ஆயிற்று.

ஐப்பசி கடைசியில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் வெறித்தது. அன்று சாயங்காலம் அந்த ஒன்பது வயசுப் பிள்ளை தூக்குச்சட்டியோடு ஊருணிக்குப் போனான். குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அவன் அப்பத்தா சொல்வார். நாங்கள் தேடிப் போனபோது மேல்படியில் அவன் செருப்பு இரண்டும் ஒட்டினாற்போல் ஜோடியாக இருந்தன. குடிதண்ணீர் ஊருணியில் செருப்புக்காலோடு இறங்கக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. யாரும் பார்க்காதபோதும் கழற்றி, ஒழுங்காக வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான்.

நாலு மாதமாக அந்தச் செருப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீங்கள் சொல்லும் பேச்சில் ஒரு கேள்வி இருக்கிறது. அது லேசான கேள்வி இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அன்று காலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பும்போதே, சாயங்காலம் என்ன ஆகும் என்று ஆண்டவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் அறிவு பொய்க்காது. அப்படியென்றால் பிள்ளை விழாமல் இருந்திருக்க முடியுமா? முடியாது என்றால் நாம் கம்பி வைத்திருந்தாலும் பயன் இல்லைதானே? இதை நான் ராத்திரி ராத்திரியாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

நம் பெரிய வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும். இரண்டாம் கட்டில் இருப்பவருக்கு அடுப்படியில் என்ன நடக்கிறதென்று தெரியாது. முகப்பில் நிற்கிற ஆச்சிக்கு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஆச்சி பார்க்கிறார் என்பதற்காகவா அடுப்படியில் இருப்பவர் அம்மி அரைக்கிறார்? அவர் அரைப்பதால் ஆச்சி பார்க்கிறார். ஆண்டவனுக்கு நேற்று, இன்று, நாளை என்ற கட்டுகள் எல்லாம் அப்படி ஒரே பார்வையில் தெரிகின்றன என்று வைத்துக்கொண்டால், அவன் பார்வை நம் கையைப் பிடித்து எதையும் செய்ய வைக்கவில்லை. ஏறக்குறைய 1500 வருஷத்துக்கு முன்னால், மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த போயத்தியஸ் என்ற ரோமானியர் இதே வழியில்தான் யோசித்தார் என்று என்னோடு வேலை பார்த்த கிறித்தவ ஆசிரியை ஒருவர் சொல்லியிருக்கிறார். நடக்கிறவனை நாம் பார்ப்பதால் அவன் நடக்கவேண்டிய கட்டாயம் வந்துவிடுவதில்லை, கடவுளுக்கு எல்லாக் காலமும் நிகழ்காலம் என்பது அவர் வாதம். சாகப்போகிறவர் தன்னைத் தேற்றிக்கொள்ள எழுதியது என்பதால் அதற்குத் தனி மரியாதை கொடுக்கிறேன்.

இதை நம் படித்துறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆனியில் மனு வந்ததும் நாம் கல்லை மாற்றிக் குழாய் வைத்திருந்தால், ஆண்டவன் எதை அறிந்திருப்பான்? குழாய் வைத்ததை அறிந்திருப்பான். அதைப் பிடித்து அந்தப் பிள்ளை இறங்கி, தண்ணீர் மொண்டு, அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்ததை அறிந்திருப்பான். அப்போதும் அவன் அறிவு பொய்த்திருக்காது. நாம் எதைச் செய்தோமோ அதைத்தான் அவன் அறிந்தான். நாம் செய்யாமல் விட்டதால், விட்டதை அறிந்தான்.

பிள்ளை விழுவான் என்று அவனுக்கு முன்னமே தெரியும் என்கிறீர்கள். சரி. அந்த அறிவில் பிள்ளை மட்டும்தான் இருந்தானா? ஆனியில் மனு வாங்கிக் கோப்பில் வைத்த நம் கை இல்லையா? ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தது இல்லையா? மனு கொடுத்த பிறகு ஐப்பசி வரைக்கும் ஒரு சாக்குக் கயிறாவது கட்டாமல் அந்த வழியாகப் போய்வந்த நான் இல்லையா? நாலாவது படியைக் கண்டவன் நம்மையும் சேர்த்துத்தான் கண்டிருக்கிறான்.

கம்பி இருந்தாலும் போயிருக்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு மதுரைக்கு வண்டி பிடித்தோம். நானும் அந்த வண்டியில் இருந்தேன். ஆயுசு இருந்தால் வீட்டிலேயே பிழைப்பார், இல்லாவிட்டால் மதுரையிலும் பிழைக்கமாட்டார் என்று அன்று யாரும் பேசவில்லை. டிரைவரை வேகமாகப் போகச் சொன்னோம். அதே சாமியைக் கும்பிட்டுக்கொண்டேதான் சொன்னோம். உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறோம். கோபுரத்தில் இடிதாங்கி இருக்கிறது. இதெல்லாம் சரியான காரியம். நம் உயிர், கோயில் சொத்து என்று வரும்போது சரியாக இருக்கிற இந்த அறிவு, கூலிவேலைக்குப் போகிறவர் பிள்ளை என்று வரும்போது மட்டும் விதி என்று திரும்பிவிடுவது எனக்கு வலிக்கிறது.

கூட்டத்தில் ஒருவர் ஊழைவிட வலியது எது என்ற குறளைச் சொன்னார். என் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான். அது 380-வது குறள், ஊழ் அதிகாரத்தின் கடைசி. சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காணச் செய்வார் என்று 620-வது குறளில் அதே வள்ளுவர் சொல்லியிருக்கிறார். ஒன்றை எடுத்து இன்னொன்றை அடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே ஆள், ஒரே நூலில், தெரிந்தே வைத்திருக்கிறார் என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதைவிட நம் மண்ணுக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். திருப்பத்தூர்ப் பக்கத்து மகிபாலன்பட்டிதான் அந்தக் காலத்துப் பூங்குன்றம் என்கிறார்கள். அந்த ஊர்க் கணியன் பாடியது புறநானூற்றில் 192-வது பாட்டு. கணியன் என்றால் நாளும் கோளும் கணித்துச் சொல்கிறவன். வரப்போவதைச் சொல்வதே தொழிலாக உள்ளவர் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டு அந்தப் பாட்டைப் படியுங்கள். முதலில், தீதும் நன்றும் பிறர்தர வாரா என்கிறார். பிறகு, பேராற்றில் நீர் போகிற வழியில் போகும் புணைபோல உயிரும் முறைவழியே போகும் என்கிறார். என் மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள்: டீச்சர், எல்லாம் தண்ணீர் இழுக்கிறபடிதான் என்றால் தீதும் நன்றும் நம்மால் வருவது எப்படி? நான் பாட்டின் கடைசி இரண்டு வரியைப் படிக்கச் சொல்வேன். முறைவழி என்ற உண்மையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவு என்ன? பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. இவ்வளவுதான். விதி என்ற ஒன்றை வைத்து அடக்கத்தை எடுத்துக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார அதிலிருந்து ஒரு சொல்லும் எடுக்கவில்லை. தன் தீமையை இன்னொருவர்மேல் சாற்றவும் எடுக்கவில்லை.

நீங்கள் குன்றக்குடியில் சித்தாந்தச் சொற்பொழிவு கேட்டவர்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் இந்த இடத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். வினையை நம் பெரியவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். முன்பிறவிகளில் சேர்த்து இன்னும் தீராமல் கிடக்கும் இருப்பு சஞ்சிதம். அதிலிருந்து இந்த உடம்போடு அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கிறபோதே நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய குடும்பங்களுக்கு இது புரியாமல் போகாது. பழைய பாக்கி என்று ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்றைய பற்றை எழுதாமல் விட எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒத்துக்கொள்ளமாட்டார். அந்தப் பிள்ளையின் பிராரத்தம் என்ன என்று எழுதிய ஏடு நம்மிடம் இல்லை. அதை வாசிக்க நமக்கு அதிகாரமும் இல்லை. நம் ஆகாமியம் மட்டும் நம் கண்முன்னால் நாலாவது படியில் பெயர்ந்து கிடந்தது. அவன் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு நம் கணக்கை மூடிவைத்துவிட்டோம்.

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் ஓர் உவமை இருக்கிறது: காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல். கண் தானாகப் பார்ப்பதில்லை, உயிர் அதனோடு நின்று காட்டுகிறது, தானும் காண்கிறது. அதுபோல நம் உயிருக்கு ஆண்டவன் உடன்நின்று காட்டுகிறான், தானும் காண்கிறான். எனக்கு இந்த நாலு மாதத்தில் பிடிமானமாக இருந்தது இந்த வரிதான். அவன் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவைத்தவன் இல்லை. நம்மோடு நின்று நமக்குக் காட்டுகிறவன். அப்படியானால் அந்தப் பள்ளத்தை ஆனி மாதமே நம் கண்ணுக்குக் காட்டியது யார்? அவன் காட்டியதைப் பார்த்த பிறகு, அதையே அவனிடம் திருப்பிக்கொண்டுபோய் பூவில் வைத்துக் கேட்டோம். பூக்கட்டிப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு வழியும் நல்வழியாக இருந்து, மனிதனுக்குத் தெளிவு கிடைக்காதபோது சாமியிடம் கேட்கலாம். உடைந்த படியைச் சரிசெய்யலாமா என்பது அப்படிப்பட்ட கேள்வி இல்லை.

அறுபதாம் கல்யாணம் என்றால் திருக்கடவூரை நினைக்கிறோம். பதினாறு வயசு என்று குறித்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைக்காகக் காலனைக் காலால் உதைத்த சாமி அங்கே இருக்கிறார். அந்தச் சாமியை வைத்துக்கொண்டு, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அம்புட்டுத்தான் என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வந்தது?

இந்த ஊருணியை வெட்டியவர்களும் விதியை நம்பியவர்கள்தான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறும்போது சகுனம் பார்த்தவர்கள். இருந்தாலும் மழை பெய்வது சாமி சித்தம் என்று வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. பொட்டல் காட்டில் மேடு பள்ளம் பார்த்து, வரத்துக்கால் வெட்டி, பெய்கிற மழை ஊருணிக்கு வந்து சேரும்படி அமைத்தார்கள். நாம் நம்புவதைவிட அவர்கள் குறைவாக நம்பினார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். அன்று பொட்டலம் எடுத்த பெண்குழந்தை என் திண்ணைக்குச் சாயங்காலம் படிக்க வருகிறாள். தை மாதத்தில் ஒருநாள் மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் அவள் போகவில்லை. சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "டீச்சர், நான் மத்தப் பொட்டலத்தை எடுத்திருந்தா அண்ணன் செத்திருக்காதுல்ல?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. உன்மேல் ஒன்றும் இல்லை தாயி என்று அணைத்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை. இப்போதெல்லாம் இரண்டு சாக்பீஸை நீட்டி எது வேண்டும் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

பெரியவர்களாகிய நாம் நம் முடிவை ஆண்டவன்மேல் ஏற்றினோம். அவன்மேல் போய் அது நிற்கவில்லை. ஆறு வயசுப் பிள்ளையின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விதி என்று சொல்லி நாம் நிம்மதியாகப் படுக்கிற ராத்திரியில், தான் தேர்ந்தது தப்பு என்று ஒரு குழந்தை விழித்திருக்கிறாள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மனிதனுக்கு இருக்கிறது என்று இந்த ஊரில் இன்றைக்கு நம்புகிறவள் அவள் ஒருத்திதான். ஆனால் அந்தப் பொறுப்பு அவளுடையது இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமைத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். ஆடி பிறப்பதற்குள் நாலாவது படிக்கல்லை மாற்றி, தென்படித்துறையின் இரண்டு பக்கமும் குழாய் வைத்துவிடுங்கள். திருப்பணிப் பணத்தில் கை வைக்க முடியாது என்றால் சொல்லுங்கள், என் பென்ஷனிலிருந்து 25,000 ரூபாய் தருகிறேன், மீதிக்கு நானே வீடு வீடாக வருகிறேன். வேலை முடியும்வரை படித்துறைக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, பிள்ளைகள் இறங்காமல் இருக்க ஓர் ஆளைப் போடுங்கள். அதை நாளைக்கே செய்யலாம்.

தீர்மானப் புத்தகத்தில் 'தெய்வ சங்கல்பத்தால் நேர்ந்தது' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, ஆனி மாதம் மனு வந்தது, வேலை செய்யப்படவில்லை, ஐப்பசியில் ஒரு பிள்ளை இறந்தான் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மனு கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

உயிருக்கு ஆபத்து உள்ள எந்தக் காரியத்தையும் இனிமேல் பூக்கட்டிப் பார்க்கக் கொண்டுபோவதில்லை என்று ஒரு விதி செய்யுங்கள். எதற்காகக் கேட்டாலும் குழந்தைகளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லாதீர்கள்.

அந்தத் தகப்பனார் வீட்டுக்குப் போங்கள். ஆயுசு என்ற சொல்லை அங்கே எடுக்காதீர்கள். நாங்கள் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்று சொல்லுங்கள்.

பிறகு என் திண்ணைக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வருவாள். நீங்கள் எல்லாரும் வரவேண்டாம், பயந்துவிடுவாள். அன்று அவளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லும்போது பக்கத்தில் நின்றவர்களில் இரண்டு பேர் வந்தால் போதும். முடிவு எடுக்கவேண்டியவர்கள் நாங்கள், நீ எடுத்தது வெறும் பூ என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
தெற்குத் தெரு ஓய்வுபெற்ற தமிழாசிரியை